ரங்கூன் 1942: இந்தச் செய்திப்படத்தில் தெரிவது நம் ஆட்கள்தானா?

பள்ளத்தூர் மகள் கேட்கிறார்:

வரும் தை மாதம் பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டு வளவில் பங்காளிகள் எல்லாரும் கூடுகிறார்கள். எங்கள் ஐயா பர்மாவின் ரங்கூன் நகரில் மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் மேலாளாக இருந்தவர். 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது அரக்கான் மலையை நடந்தே கடந்து, சிட்டகாங் வழியாக ஊர் வந்து சேர்ந்தார். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன தலைமுறை எப்படி இருந்தது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று, பட்டாலைக் கூடத்தில் திரை கட்டிப் பழைய செய்திப்படங்களைக் காட்ட விரும்புகிறேன்.

யூடியூபில் ஒரு துண்டு கிடைத்தது. ரங்கூன், 1942 என்று தலைப்பு. குண்டு விழுந்த தெரு, புகை, மூட்டை சுமந்து போகும் கூட்டம், பிறகு பட்டாளத்தார் அணிவகுத்து வருவது. கூட்டத்தின் ஓரத்தில் வேட்டியும் மேல்துண்டுமாக ஒருவர் காமிராவைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடக்கிறார். அது ஐயாவேதான் என்கிறார் என் சித்தப்பா. அந்த நெற்றியும் நடையும் வேறு யாருக்கும் இல்லையாம்.

ஆனால் ஆங்கில வருணனையைக் கேட்டால், மக்கள் பதற்றமின்றி ஒழுங்காகக் கிளம்பிப் போனதுபோல இருக்கிறது. ஐயா வீட்டில் சொன்னது வேறு. வழியில் காலராவில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லும்போது அவருக்குக் குரல் வராது. படம் உண்மையில் 1942-தானா? இந்த வருணனையோடு இதைக் காட்டலாமா? இதைவிட நல்ல பதிவை எங்கே தேடுவது?

காரைக்குடி ஆபரேட்டர்:

ஆச்சி, நான் காரைக்குடியில் தியேட்டர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப்படத்தை ஓட்டாமல் மெயின் படத்தைத் தொடங்கக் கூடாது. அது லைசென்ஸ் நிபந்தனை. ஒரே ஒரு ரீல், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஜனங்கள் அந்த நேரத்தில் முறுக்கு வாங்கிக்கொண்டு உள்ளே வருவார்கள். நான் விளக்கில் எரியும் கார்பன் குச்சியைப் பார்த்துக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே நின்றாக வேண்டும். அதே ரீலை ஒவ்வொரு காட்சிக்கும் பார்த்துப் பார்த்துத்தான், படம் ஒன்றைக் காட்டக் குரல் வேறொன்றைச் சொல்வதைக் கண்டுபிடிக்கப் பழகினேன்.

முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். போர்க்களத்தில் எடுத்தவர்கள் பெரும்பாலும் ஒலி இல்லாமல்தான் எடுத்தார்கள். கையில் ஏந்தும் 35 மி.மீ. காமிராவில் 100 அடிச் சுருள்தான் கொள்ளும். நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்ற வேகத்தில் அது ஒரு நிமிடம் ஏழு விநாடிக்குள் தீர்ந்துவிடும். அந்தச் சுருள்கள் தணிக்கையைத் தாண்டி லண்டன் போய்ச் சேர்ந்த பிறகுதான் வெட்டி ஒட்டினார்கள். குண்டுச் சத்தம், கூட்டத்தின் இரைச்சல், இசை, வருணனை எல்லாம் அங்கே சேர்த்தவை. ஆகவே ஒழுங்காகக் கிளம்பினார்கள் என்று சொன்னவர் அந்தத் தெருவில் நின்றவர் அல்லர். உங்கள் ஐயா நின்றவர். அவர் சொல்லுக்குத்தான் என்னிடம் மதிப்பு.

அடுத்தது தேதி. ரங்கூன் மீது ஜப்பானியர் முதலில் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. நகரம் அவர்கள் கைக்குப் போனது 1942 மார்ச் 8. இடைப்பட்ட மாதங்கள் அங்கே மழை இல்லாத காலம். பிரிட்டிஷ் படை நகருக்குள் திரும்பியது 1945 மே 3. அந்த ஆண்டு மழையும் அதே நேரத்தில் பிடித்துக்கொண்டது. தெரு காய்ந்திருக்கிறதா, தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிப்பாய்களின் தொப்பியையும் பாருங்கள். 1942-இல் தட்டையான இரும்புத் தொப்பியும் காக்கி அரைக்கால் சட்டையும் அதிகம். 1945-க்குள் பச்சை நிறச் சீருடைக்கு மாறிவிட்டார்கள். அகன்ற விளிம்புத் துணித் தொப்பிகளும் நிறைய வந்துவிட்டன. கறுப்பு வெள்ளையில் நிறம் தெரியாவிட்டாலும் தொப்பி தெரியும்.

கணினியில் நிறுத்தி வைத்துக்கொண்டு காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளைத் தட்டினால் யூடியூபில் சட்டகம் சட்டகமாக நகரும். நடுவில் இருப்பவரை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். கடைப் பலகை, டிராம் கம்பி, பகோடாவின் நுனி, இவைதான் ஊரைச் சொல்லும். செய்திப்படக் கம்பெனிகள் கையிருப்பில் இருந்த பழைய காட்சிகளை எடுத்துப் புதுச் செய்தியில் ஒட்டுவது வழக்கம். ஒரே துண்டில் இரண்டு ஊர், இரண்டு ஆண்டு இருக்கலாம். இதெல்லாம் தெளியும்வரை திரையில் ஐயாவின் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

கோட்டையூர் வாசகர்:

வெட்டி ஒட்டிய படத்தைவிட வெட்டாத சுருள்களைத் தேடுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பழைய செய்திப்படக் கம்பெனியான பிரிட்டிஷ் பாத்தே 2014-இல் சுமார் 85,000 படங்களை யூடியூபில் ஏற்றியது. அவர்கள் இணையதளத்தில் திரைக்கு வராத மிச்சக் காட்சிகளும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றில் பெரும்பாலும் வருணனை இருக்காது, வந்தபடியே இருக்கும். ராணுவப் படப்பிடிப்புப் பிரிவு எடுத்த பர்மாச் சுருள்கள் லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் உள்ளன. காமிராக்காரர்கள் இடம், தேதி, காட்சி ஆகியவற்றை எழுதி அனுப்பிய குறிப்புத் தாள்களை வைத்துத்தான் அங்கே அட்டவணை போட்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்துக் காமிராவையும் விட வேண்டாம். 'நிப்பான் நியூஸ்' என்ற ஜப்பானிய வாராந்தரச் செய்திப்படங்களை ஜப்பானின் ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. இணையத்தில் வைத்திருக்கிறது. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த நம் தமிழர்களைத் தேடுவோருக்கும் அதுதான் வழி.

இந்த வேலைக்கு முன்னோடி எங்கள் ஊர்க்காரர். ஏ.கே. செட்டியார், 1937 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவிலிருந்து அயர்லாந்து போகும் கப்பலில், காந்திக்கு ஒரு முழுநீளச் செய்திப்படம் எடுக்க முடிவு செய்தார். அதன்பின் உலகைச் சுற்றினார். யார் யாரோ எடுத்து அங்கங்கே கிடந்த சுமார் 50,000 அடிப் படத்தைத் தேடித் திரட்டி, 12,000 அடியாகத் தொகுத்து, தமிழ் வருணனையோடு 1940-இல் வெளியிட்டார். இணையம் இல்லாத நாளில், போர் தொடங்கிவிட்ட நிலையில், தபாலையும் கப்பலையும் நம்பிச் செய்த வேலை அது. செட்டிநாட்டில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பதில் எனக்குத் தீராத வருத்தம். உங்கள் கூட்டத்தில் இதை ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பொதுவில் காட்டுவதாக இருந்தால் உரிமையாளர்களுக்கு முன்பே எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள்.

பள்ளத்தூர் மகள்:

ஆபரேட்டர் ஐயா சொன்னபடி சத்தமில்லாமல் பார்த்தேன். கூட்டம் போகும் தெரு காய்ந்து புழுதியாக இருக்கிறது. பட்டாளத்தார் வரும் இடத்தில் தரையில் தண்ணீர் மின்னுகிறது, தொப்பிகளும் அகன்ற விளிம்புடன் இருக்கின்றன. இரண்டும் ஒரே நாள் இல்லை என்பது பளிச்சென்று தெரிகிறது. வேட்டி கட்டியவர் வருவது புழுதித் தெருவில். அவருக்குப் பின்னால் ஒரு பலகையின் பாதி தெரிகிறது. எழுத்து வட்ட வட்டமாக இருப்பதால் பர்மிய எழுத்து என்றே நினைக்கிறேன். சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் தினமும் அந்த இடத்தை மட்டும் போடச் சொல்லிப் பார்க்கிறார்.

காரைக்குடி ஆபரேட்டர்:

அப்படியானால் பட்டாளத்துக் காட்சி 1945, சந்தேகமில்லை. அதை வெட்டி எடுத்துவிடுங்கள். அப்போது உங்கள் ஐயா ஊரில் இருந்திருப்பார். புழுதித் தெரு மாண்டலேயாகவும் இருக்கலாம், ரங்கூனாகவும் இருக்கலாம். பலகையைப் பர்மிய எழுத்து தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அங்கிருந்து 1964-இல் திரும்பிய குடும்பங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன.

சித்தப்பாவிடம் மறைக்க வேண்டாம், ஆச்சி. இரண்டு படத்தை ஒட்டியிருக்கிறார்கள் என்று அவரிடமே காட்டுங்கள், புரிந்துகொள்வார். அந்த மனிதர் ஐயாவாக இல்லாமல் போனாலும், அதே வழியில் நடந்த ஒருவர்தான். கூட்டத்தன்று வருணனையை அணைத்துவிட்டுப் படத்தை மெதுவாக ஓட்டுங்கள். சித்தப்பா கையில் மைக்கைக் கொடுத்து, ஐயாவிடம் கேட்டதையெல்லாம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அதைப் பதிவு செய்ய ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். தேதி, இடம், பேசியவர் விவரம் மூன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிப் பதிந்துவிடுங்கள். பட்டாலையில் எதிரொலி அதிகம், மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.