ஹாஸ்கெலில் ஸ்ட்ரிங், டெக்ஸ்ட் வகைப் பிழை: தமிழ்ப் பெயர்களுள்ள தரவுக் கோப்பு

பாலைமரம் (கிளிநொச்சி):
வணக்கம். சிறுபோகக் காணிப் பட்டியல் ஒன்றை ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் வாசிக்க முயல்கிறேன். ஒவ்வொரு வரியிலும் இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளத்தின் பெயரும், காற்புள்ளிக்குப் பின் "2.5 ஏக்கர்" என்ற வடிவில் பரப்பும் இருக்கும். கோப்பை டெக்ஸ்டாக வாசித்து, பரப்பை, உரையை எண்ணாக்கும் ரீட் செயற்கூற்றிடம் கொடுத்தபோது, ஸ்ட்ரிங் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் டெக்ஸ்ட் வந்துள்ளதாகத் தொகுப்பி (கம்பைலர்) மறுத்தது; இரண்டுமே உரையை வைக்கும் வகைகள். ஓவர்லோடட்ஸ்ட்ரிங்ஸ் என்ற மொழி நீட்சியைச் சேர்த்ததும் சில பிழைகள் மறைந்தன, இது மறையவில்லை. டெக்ஸ்டை ஸ்ட்ரிங்காக்கும் அன்பேக் இட்டால் தொகுக்கப்படுகிறது, ஆனால் ஓடும்போது "நோ பார்ஸ்" (வாசித்தறிய முடியவில்லை) என்று நின்றுவிடுகிறது. காரணம் என்ன?

குளக்கட்டு (வவுனியா):
தம்பி, அந்த நீட்சி நிரலில் மேற்கோள் குறிக்குள் நீங்கள் எழுதும் சொற்களுக்கு மட்டுமே பொருந்தும். அவற்றைத் தேவைக்கேற்ப டெக்ஸ்டாகவோ ஸ்ட்ரிங்காகவோ அது கொள்ளும். கோப்பிலிருந்து வந்த மதிப்பின் வகையை ஒருபோதும் மாற்றாது. ஸ்ட்ரிங் என்பது எழுத்துக்குறிகளின் பட்டியல், டெக்ஸ்ட் என்பது நெருக்கமாக அடுக்கப்பட்ட வேறொரு கட்டமைப்பு, ஆகவே ஒன்றை மற்றொன்றாகத் தொகுப்பி தானாக ஏற்காது.

அன்பேக்கைக் கண்ட இடமெல்லாம் தூவுவது பிழைச்செய்தியை அடக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. குளத்து நீரைத் துருசில் மட்டும் திறப்பதுபோல, வகைமாற்றத்தைக் கோப்பு உள்ளே வரும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "நோ பார்ஸ்" வருவதற்குக் காரணம், எண்ணுக்குப் பின் நிற்கும் "ஏக்கர்" என்ற சொல்லை ரீட் ஏற்காததே. டேட்டா.டெக்ஸ்ட்.ரீட் தொகுதியிலுள்ள டபுளைப் பயன்படுத்தினால், 2.5 என்ற எண்ணையும் மீந்த உரையையும் சேர்த்துத் தரும். எண்ணே இல்லாவிடில் நிரலை முறிக்காமல் பிழையை ஒரு மதிப்பாகத் தரும். டெசிமலை எடுக்க வேண்டாம், அது 2 உடன் நின்று ".5" ஐ மீதியில் விட்டுவிடும். முன்னுள்ள வெற்றிடத்தையும் இவை தாண்டா, எனவே முதலில் ஸ்ட்ரிப் மூலம் ஓரங்களிலுள்ள வெற்றிடத்தை நீக்குங்கள்.

வீரைமரம் (முல்லைத்தீவு):
மேலே சொன்னது சரியே. ஆனால் அந்த நீட்சியில் தமிழ் எழுதுவோருக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. எதிர்பார்க்கப்படும் வகை, வெறும் பைட்டுகளை வைக்கும் பைட்ஸ்ட்ரிங்காக இருந்தால், தொகுப்பி எவ்விதப் பிழையும் சொல்லாது; ஒவ்வொரு எழுத்துக்குறியின் கடைசி 8 பிட்டுகள் மட்டும் எஞ்ச, மற்றவை வெட்டப்படும். யூடிஎஃப்-8 முறையில் "குளம்" 15 பைட்டு, இவ்வழியில் 5 பைட்டுக் குப்பையே கிடைக்கும். பைட்ஸ்ட்ரிங் தேவையெனில், டெக்ஸ்டை யூடிஎஃப்-8 பைட்டுகளாக்கும் என்கோட்யூடிஎஃப்8 மூலம் மட்டுமே போங்கள். வகைப் பிழை வந்து நிரல் நிற்பது இதைவிட எவ்வளவோ மேல்.

பாலைமரம்:
நன்றி அண்ணா. டபுளும் ஸ்ட்ரிப்பும் வேலை செய்கின்றன. ஆனால் பெயர்களைப் பிரிண்ட் செய்தால் "க" இருக்கவேண்டிய இடத்தில் \2965 என வருகிறது. தரவு கெட்டுவிட்டதா?

குளக்கட்டு:
கெடவில்லை. பிரிண்ட், மதிப்பை நிரல்வடிவில் காட்டும் ஷோ வழியாகச் செல்வதால், ஆஸ்கி (அடிப்படை ஆங்கிலக் குறிகள்) அல்லாதவற்றை எண்ணாக எழுதுகிறது. டேட்டா.டெக்ஸ்ட்.ஐஓ தொகுதியின் putStrLn செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் முனையமாயின், வெளியீட்டின் குறியேற்றத்தை யூடிஎஃப்-8 என முதலில் அமைத்துவிடுங்கள். அட்டவணையில் நெடுவரிசைகளை ஒழுங்குபடுத்தும்போது நீளத்தைச் சொல்லும் லெங்த்தை நம்பவேண்டாம், கு, ள, ம் என மூன்றாக நாம் காணும் சொல்லை, உகரக் குறியையும் புள்ளியையும் தனியே எண்ணி, அது 5 என்றே சொல்லும்.