பழைய காரின் எஞ்சினைக் கழுவியபோது நடந்தது

டோங்காட்டிலிருந்து (தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகே):
புனித வெள்ளிக்கு முந்திய மாலை. மறுநாள் மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குப் போகவேண்டும் என்று மாமா தம் பழைய டொயோட்டா கிரெசிடாவை பீனிக்ஸில் சாலையோரமாகக் கழுவக் கொடுத்தார். எஞ்சின் முழுவதும் எண்ணெயில் ஒட்டிய சாம்பல், கரும்புத் தோட்டம் எரிக்கும்போது பறந்துவருவது. டர்பனுக்கு வடக்கே கடலோரம் வாழ்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கழுவிய பையன் அழுத்தக் குழாயை நேராக, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே பிடித்தான். வெருலம் தாண்டுவதற்குள் வண்டி திக்கித் திணறி நின்றுவிட்டது. நன்றாக இருட்டிவிட்டது. மாமா சாவியைத் திருப்ப, நான் பானட்டுக்குள் குனிந்து பார்த்தேன். பிளக் கம்பிகளின் மேல் நீலப் பொறிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்று அணைந்ததும் விரல் நீளம் தள்ளி இன்னொன்று. "போதும் மாமா, நிறுத்துங்கள்!" என்று கத்திவிட்டேன். கார்புரேட்டரில் ஒரு சொட்டு பெட்ரோல் கசிந்திருந்தால்? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே கண்ணாடி வியர்த்ததுபோல் நீர்த்துளிகள். சட்டை நுனியால் துடைத்த பிறகுதான் வண்டி ஓடியது. பழைய எஞ்சினில் தண்ணீரே படக்கூடாது, அவ்வளவுதான்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
தம்பி சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தண்ணீர் என்ன செய்யும்? அழுத்தம்தான் கெடுக்கிறது. என் அப்பா தம் மாஸ்டாவை வாளித் தண்ணீரும் பழைய துணியுமாகவே காலமெல்லாம் கழுவினார். தண்ணீருக்குப் பயந்தவர்கள் எதை எடுக்கிறார்கள்? பெட்ரோலை! பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் தூரிகையைப் பெட்ரோலில் தோய்த்துத் தேய்த்தார். பேட்டரி கம்பியைக் கழற்றவில்லை. ஸ்பேனர் எங்கோ உரசியது, அவ்வளவுதான், 'புஸ்' என்று ஒரு சத்தம். அவர் மனைவி கறிவேப்பிலைத் தொட்டியைச் செடியோடு தூக்கி மண்ணை அப்படியே எஞ்சின் மேல் கொட்டினார். தீ அணைந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் புருவம் கருகிய நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து:
பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். டோங்காட் தம்பி, அந்தப் பொறிகளுக்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. கம்பியின் ரப்பர் உறை வெடித்திருந்திருக்கும். 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும் கம்பி அது, ஈரம் கிடைத்தால் வழி தேடும். கம்பிகளை மாற்றச் சொல்லுங்கள்.

பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரிக் குளிரிலும் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். பாரபின் (மண்ணெண்ணெய்) அந்த அளவுக்கு இல்லை, ஆனால் சூடான எஞ்சினில் அதுவும் ஆபத்து, ரப்பர் குழாய்களையும் உப்பவைக்கும். தண்ணீரில் கரையும் கிரீஸ் நீக்கியே நல்லது. எஞ்சின் தொட்டுப் பார்த்தால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். சூடான வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்பு விழலாம். முதலில் பேட்டரியின் எர்த் (நெகட்டிவ்) கம்பியைக் கழற்றுங்கள். பாசிட்டிவ்வை முதலில் தொட்டால் ஸ்பேனர் காரின் உடலில் பட்டுப் பொறி கிளம்பும், சாட்ஸ்வொர்த்தில் நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும். எர்த்தை எடுத்துவிட்டால் மின்விசிறி தானாகச் சுழன்று விரலை வெட்டும் பயமும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர், மின்னழுத்தத்தை உயர்த்தும் காயில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், எஞ்சினுக்குள் காற்று போகும் வாய் நான்கையும் பிளாஸ்டிக் பையால் கட்டுங்கள். அழுத்தமில்லாமல் மெதுவாக விழும் நீர் போதும். பிளக் குழிகளில் தேங்கியதைக் காற்றடித்து வெளியேற்றாமல் பிளக்கைக் கழற்றாதீர்கள். பையெல்லாம் எடுத்து, நன்றாக உலர்ந்த பிறகே கம்பியை மாட்டி ஓடவிடுங்கள்.

என் அனுபவமா? ஒரு சிட்டி கோல்ஃப் காரைக் கழுவியபோதுதான் வால்வு மூடியின் கேஸ்கெட் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் பட்டை) கசிவது கண்ணில் பட்டது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
எல்லாம் சரி ஐயா, கழுவிய எண்ணெய்த் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் தெருவில் மழைநீர்க் கால்வாயில் விட்டால் நேராக உம்லாட்டுசானா ஆறு. கீழே பழைய துணியும் தகரத் தட்டும் போட்டுப் பிடியுங்கள். இதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?