கடைக் கட்டடம் முடியும் நேரத்தில் நிற்கிறது: பணி நிறைவுச் சான்று, ஈ.பி., பாக்கி பில் – எதை முதலில் பார்ப்பது?

பெருந்துறைரோடு:

வணக்கம். ஈரோட்டில் அப்பா வாங்கிப்போட்ட இடத்தில் தரைத்தளமும் மேலே இரண்டு மாடியுமாக 9,600 சதுர அடியில் ஒரு கடைக் கட்டடம் கட்டுகிறேன். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள். திட்ட அனுமதி, மாநகராட்சியின் கட்டட அனுமதி இரண்டும் வாங்கிய பிறகுதான் பூமி பூஜை போட்டோம்.

பூச்சு, டைல்ஸ், முதல் கோட் பெயின்ட் முடிந்தது. லிப்ட் மாட்டியாகிவிட்டது. தரைத்தளத்தை ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குப் பேசி முன்பணம் வாங்கிவிட்டேன். தீபாவளிக்குத் திறக்க வேண்டும் என்கிறார். நிரந்தர மின் இணைப்பு கேட்டால் பணி நிறைவுச் சான்று (அனுமதித்த பிளான்படி கட்டி முடித்ததற்கான சான்று) கொண்டுவரச் சொல்கிறார்கள். சான்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பிளானை விரித்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பக்கவாட்டில் விட வேண்டிய காலியிடத்தில் ஜெனரேட்டர் ரூமும் ஒரு கழிப்பறையும் நிற்கின்றன. பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் ஷட்டர் போட்டு ஒரு குடோன். கட்டும்போதே கேட்டேன். "எல்லா இடத்திலும் இப்படித்தான், அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்றார் காண்ட்ராக்டர். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது அவர் பாக்கி 6 லட்சத்தை உடனே கேட்கிறார். இரண்டாம் மாடி சீலிங்கில் ஒரு மூலையில் ஈரம் தெரிகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை சைட் இன்ஜினியர்:

பதறாதீர்கள். இன்றைக்குப் பணம் கொடுக்காதீர்கள், எதையும் இடிக்கவும் வேண்டாம். முதலில் ஒரு முழு நாள் ஒதுக்கி அளந்து பாருங்கள்.

முத்திரை போட்ட பிளான் நகலைத் தேடி எடுங்கள். காண்ட்ராக்டர் சைட்டில் வைத்திருந்த வேலை டிராயிங் வேண்டாம், அனுமதி பெற்ற தாள்தான் வேண்டும். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துத்தான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பிளானில் பெயர் உள்ள பதிவு பெற்ற இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு நான்கு பக்கக் காலியிடம், உயரம், ஒவ்வொரு தளத்தின் பரப்பு, வண்டி நிறுத்தும் இடம், மழைநீர் சேகரிப்புத் தொட்டி எல்லாவற்றையும் அளந்து, இப்போது நிற்கும் நிலையில் ஒரு டிராயிங் போடுங்கள். காலியிடத்தை அளக்கும்போது டேப்பை எல்லைக் கல்லிலிருந்து பிடியுங்கள். காம்பவுண்ட் சுவரே அரை அடி உள்ளே தள்ளிக் கட்டியிருக்கலாம், வெளியேயும் போயிருக்கலாம்.

இரண்டு டிராயிங்கையும் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு மாற்றமும் எந்த வகை என்று தெரிந்துவிடும். 2019-இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்குள் அடங்குகிற மாற்றமா? திருத்திய பிளான் கொடுத்து அனுமதி கேட்கலாம். உள்ளே ஒரு தடுப்புச் சுவர் இடம் மாறியது இந்த வகை. விதிக்கே பொருந்தாததா? அதை எடுத்தே ஆக வேண்டும். காலியிடத்துக் கட்டுமானமும் வண்டி நிறுத்துமிடத்துக் குடோனும் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் விழும். சிறிய குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் கட்டடத்துக்கு அது பொருந்தாது.

ஒரு கேள்வி. பிளிந்த் மட்டத்தில், அதாவது அஸ்திவாரம் முடிந்து தரை மட்டத்துக்கு வந்தபோது, ஆய்வுக்குத் தெரியப்படுத்தினீர்களா? அந்தக் கட்டத்தில் யாராவது அளந்திருந்தால் ஜெனரேட்டர் ரூம் அஸ்திவாரம் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

நாகர்கோவில் காரர்:

தம்பி, நானும் ஒரு காம்ப்ளக்ஸ் கட்டி இதே இடத்தில் நின்றவன், அதனால் சொல்கிறேன். மண் பரிசோதனை, ஸ்ட்ரக்சுரல் டிராயிங், அனுமதி என்று முதல் ஆறு மாதம் எல்லோரும் பேப்பரைக் கையிலேயே வைத்திருப்போம். தூண் எழும்பிய பிறகு பேப்பர் பீரோவுக்குள் போய்விடும். அப்புறம் மேஸ்திரி சொல்வதுதான் பிளான். "சார், இங்கே நாலு அடி சும்மா கிடக்கு" என்பார். அந்த நாலு அடிதான் கடைசியில் நம் கழுத்தைப் பிடிக்கும்.

6 லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் ரிடென்ஷன் (குறை சரிசெய்யும்வரை பில்லில் ஒரு பங்கை நிறுத்தி வைப்பது) பிடிக்கச் சொல்லியிருக்கிறதா பாருங்கள். எங்களுடையதில் ஒவ்வொரு பில்லிலும் 5% பிடித்தோம். அது கையில் இருந்ததால்தான் ஒழுகின மாடியைச் சரிசெய்ய ஆள் வந்தார்.

ரெட்டை_பேஸ்:

இவ்வளவு யோசிக்க வேண்டாம் நண்பரே. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பு இருக்குமே, அதிலேயே கடையைத் திறக்கச் சொல்லுங்கள். பிறகு மெதுவாகப் பார்க்கலாம்.

ஒயரிங் அண்ணன்:

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தற்காலிக இணைப்பு கட்டுமான வேலைக்காகக் கொடுப்பது. அதில் கடை நடத்தினால் வேறு உபயோகம் என்று பிடிப்பார்கள். யூனிட் கட்டணமும் கடைக்கு உள்ளதைவிட அதிகம். அதோடு 2024 டிசம்பர் 17 அன்று மீரட் கட்டடம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: நிறைவுச் சான்றைக் காட்டிய பிறகுதான் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு கொடுக்க வேண்டும். பிளானை மீறிய கட்டடத்துக்கு நோட்டீஸ் கொடுக்கவும் பூட்டி சீல் வைக்கவும் 1971-இன் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56, 57 பிரிவுகள் இருக்கின்றன. கடையில் தீபாவளிச் சரக்கு இறங்கிய பிறகு அந்த நோட்டீஸ் வந்தால் பாவம் அந்த ஜவுளிக்கடைக்காரர் என்ன செய்வார்?

சான்றுக்காகக் காத்திருக்கும் நாளில் என் பக்க வேலையை முடித்து வையுங்கள். எர்த் பிட் (எர்த் கம்பி இறக்கும் குழி) எத்தனை, எங்கே என்று பாருங்கள். லிப்டுக்கும் பேனல் போர்டுக்கும் எர்த் ஒழுங்காக வருகிறதா, ஒயரில் கசிவு இருக்கிறதா என்று எர்த் டெஸ்டரும் மெகரும் (ஒயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்து அளந்து எழுதி வாங்குங்கள். மீட்டர் போர்டு வருகிற சுவரில் ஈரம் இருக்கவே கூடாது. லிப்ட் மாட்டிவிட்டால் மட்டும் ஓட்ட முடியாது. 1997-இன் தமிழ்நாடு லிப்ட் சட்டப்படி மின் ஆய்வுத் துறையின் உரிமம் வேண்டும். லிப்ட் கம்பெனிக்காரரிடம் அந்தப் பேப்பர் எந்த நிலையில் இருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள்.

பெருந்துறைரோடு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இன்ஜினியரோடு போய் அளந்தேன். பிளானில் பக்கவாட்டில் 2 மீட்டர். ஜெனரேட்டர் ரூம் இருக்கும் இடத்தில் டேப் 70 சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. என் தோளைத் திருப்பித்தான் அந்தச் சந்துக்குள் நுழைய முடிந்தது. தீ பிடித்தால் அந்த வழியாக யார் வருவார்கள் என்று இன்ஜினியர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பிளிந்த் ஆய்வுக்குத் தெரியப்படுத்தவில்லை. காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். ஜெனரேட்டர் ரூம், கழிப்பறை இரண்டையும் எடுத்துவிட முடிவு செய்துவிட்டேன். மெயின் கட்டடத்துக்கு ஆபத்து வருமா? மாடி ஈரத்துக்கு என்ன செய்வது?

கோவை சைட் இன்ஜினியர்:

நல்ல முடிவு. ஜெனரேட்டர் ரூமின் கூரைக் கம்பி மெயின் பீமில் கோத்திருக்கிறதா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் உடைக்கக் கூடாது. தனித் தூணில் நின்றால் கவலை இல்லை. கோத்திருந்தால் கட்டர் வைத்து மெதுவாக வெட்ட வேண்டும், பிரேக்கர் வைத்து அதிரவிடக் கூடாது. வெட்டிய இடத்தில் கம்பி வெளியே தெரிந்தால் அப்படியே பூசி மூடாமல் துரு எடுத்து, பாதுகாப்புப் பூச்சு கொடுத்த பிறகு மூடச் சொல்லுங்கள். கழிப்பறையின் செப்டிக் லைனையும் பிடுங்கி அடைக்க மறக்காதீர்கள்.

மொட்டை மாடியில் தண்ணீர் கட்டும் சோதனை செய்யுங்கள். மழைநீர்க் குழாய்களின் வாயை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் 48 மணி நேரம் நிற்க வேண்டும். கீழே சீலிங்கில் ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டினால் மேலிருந்து வருகிறது. கடைசிக் கோட் பெயின்ட்டை அதுவரை அடிக்கவே விடாதீர்கள், அடித்தால் தடயமே போய்விடும்.

பாக்கிக்கு, மெஷர்மென்ட் புக் (செய்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் புத்தகம்) வைத்து அளவு சரிபார்த்து, குறைகளை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு குறைக்கும் ஒரு தொகை, அது முடிய முடியப் பணம். ஜவுளிக்கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். தேதி மட்டும் கொடுக்காதீர்கள்.

நாகர்கோவில் காரர்:

கியூப் டெஸ்ட் ரிப்போர்ட் (கான்கிரீட் கட்டியை உடைத்துப் பலம் பார்த்த அறிக்கை), கம்பி டெஸ்ட் சான்று, சிமென்ட் பில் எல்லாம் காண்ட்ராக்டரிடம்தான் இருக்கும். பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஃபைலாக வாங்கிவிடுங்கள். 28 நாள் கியூப் ரிப்போர்ட் இல்லாத தளம் எது என்று அப்போது தெரியும்.

பெருந்துறைரோடு (கடைசித் தகவல்):

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். ஜெனரேட்டர் ரூம் தனித் தூணில்தான் இருந்தது, நான்கு நாளில் எடுத்துவிட்டார்கள். கழிப்பறையும் போயிற்று. இப்போது நான்கு மூலையிலும் டேப் 2 மீட்டர் ஓடுகிறது. குடோன் ஷட்டரைக் கழற்றிச் சுவரை எடுத்து, வண்டிக்குக் கோடு போட்டாயிற்று. உள்ளே மாறியிருந்த கழிப்பறைத் தடுப்புக்கு மட்டும் திருத்திய பிளான் கொடுத்து வாங்கினோம்.

மாடியில் தண்ணீர் கட்டிய இரண்டாம் நாள் காலையில் பென்சில் கோட்டுக்கு வெளியே மூன்று விரல் அகலம் ஈரம். மழைநீர்க் குழாய் தளத்தில் இறங்குகிற இடத்தில் சந்து. சுற்றிலும் கொத்தி எடுத்து, கிரவுட் ஊற்றி, மறுபடி 48 மணி நேரம் கட்டினோம். காய்ந்தே இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் குறைக்கான பணம் கொடுத்தேன். காண்ட்ராக்டர் முதலில் கோபப்பட்டார். குறைப் பட்டியலில் அவர் கையெழுத்து இருந்ததால் பேசி முடிக்க முடிந்தது.

கியூப் ரிப்போர்ட் இரண்டாம் தளக் கூரைக்கு இல்லை. ரீபவுண்ட் ஹேமர் (உடைக்காமல் தட்டிக் கான்கிரீட்டின் பலத்தைக் கணிக்கும் கருவி) வைத்துச் சோதித்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்து எழுதிக் கொடுத்தார்.

போன வாரம் நிறைவுச் சான்று கையில் கிடைத்தது. மின் இணைப்புக்குப் பணம் கட்டிவிட்டேன். லிப்ட் ஆய்வுக்கு அடுத்த செவ்வாய் வருகிறார்கள். ஜவுளிக்கடைக்காரருக்கு தீபாவளி போய்விட்டது. அவரிடம் முன்பே சொல்லிவிட்டதால் பொங்கலுக்குத் திறக்க ஒப்புக்கொண்டார். முதல் இரண்டு மாத வாடகையை நான் விட்டுக்கொடுத்தேன்.