மறுமொழி: டிகிரீசருக்கு ‘பிசுக்குநீக்கி’, ‘என்ஜின் பே’ என்பதற்குப் ‘பொறிக்கூடு’

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டிலேயே காரின் என்ஜின் பகுதியைச் சுத்தம் செய்வது பற்றிய கையேட்டின் வரைவை முழுக்கப் படித்தேன், அதிலுள்ள ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்களையும் பார்த்தேன். வேறு துறையில் சொல் சரியாக அமையாவிட்டால் படிப்பவர் முகம் சுளிப்பார், அதோடு போகும். இங்கே சொல் தடம் மாறினால் ஒருவர் கொதிக்கிற இரும்பில் பச்சைத்தண்ணீரை ஊற்றுவார், இல்லையென்றால் பெட்ரோல் நனைத்த துணியோடு பேட்டரி பக்கத்தில் நிற்பார். அதனால் வேர்ச்சொல் பார்ப்பதற்கு முன்னால், இந்தச் சொல்லைப் படித்தவர் கை எங்கே போகும் என்று பார்த்துவிடுவோம்.

> டிகிரீசர் = எண்ணெய்க் கரைப்பான்

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற திரவமான டிகிரீசருக்கு இந்தச் சொல்லை ஏற்க முடியவில்லை. எண்ணெயைக் கரைப்பது எது என்று நம்மூரில் யாரைக் கேட்டாலும் மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் என்றுதான் வரும். பழைய பட்டறைகளில் மண்ணெண்ணெயில் பிரஷ்ஷைத் தோய்த்துத்தான் தேய்ப்பார்கள். கையேட்டில் ‘கரைப்பான்’ என்று போட்டால் அந்தப் பழக்கத்துக்கே அச்சில் அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும். பெட்ரோல் சுழியத்துக்குக் கீழே சுமார் 40 பாகை செல்சியசிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடக்கூடியது. மண்ணெண்ணெய்க்கு அந்த வரம்பு 38 பாகைக்கு மேல் என்றாலும், சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் பானட்டுக்குள் அதைவிடச் சூடு இருக்கும். தீ ஒரு பக்கம் இருக்கட்டும், ரப்பர் குழாய்களும் பெல்ட்டும் மண்ணெண்ணெயில் ஊறினால் உப்பிப்போகும்.

வேதியியல்படியும் அது பொருந்தாது. கடையில் வீட்டு உபயோகத்துக்கு விற்கிற டிகிரீசர்களில் பல, நீரை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றின் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பிடித்து, அழுக்கைப் பால்மமாக்கி, அதாவது சிறு துளிகளாக நீரில் கலக்கச் செய்து, நீரோடு இழுத்துக்கொண்டு போகிறது. அது கரைப்பது இல்லை.

> அப்படியானால் ‘மசகுநீக்கி’ போதுமே?

இதில் இரண்டு சிக்கல். இலங்கைப் பத்திரிகைகளில் ‘மசகு எண்ணெய்’ என்றால் நாம் கச்சா எண்ணெய் என்கிறோமே, அது. இந்தக் குழுவில் பாதிப் பேர் அந்தப் பக்கம் இருக்கும்போது இதைக் கண்டும் காணாமல் விட முடியாது. இன்னொன்று, மசகு என்பது இருக்க வேண்டிய பொருள். மாட்டுவண்டி அச்சில் வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்துப் போட்டார்களே, அதுவும் மசகுதான். பானட்டின் கீல், பூட்டு, பேட்டரி முனை எல்லாவற்றிலும் வேண்டுமென்றே தடவிய கிரீஸ் இருக்கிறது. ‘மசகை நீக்கு’ என்றால் அதையும் சேர்த்துத் துடைத்துவிடுவார்கள். பிசுக்கு என்பது தூசியும் பழைய எண்ணெயும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது, யாருக்கும் வேண்டாதது. அடுப்படிச் சுவர், சீப்பு, மின்விசிறி இறக்கை என்று எல்லா வீட்டிலும் புழங்குகிற சொல். ஆகவே ‘பிசுக்குநீக்கி’. சமையலறைப் புகைபோக்கிக்கு விற்பதற்கும் இதே சொல் போதும். காஸ்டிக் சோடா கலந்த கடுமையான வகை அலுமினியத்தை அரிக்கும் என்பதால், ‘காரப் பிசுக்குநீக்கி’ என்று பிரித்துச் சொல்லவும் வசதி.

அடுத்தது என்ஜின் பே, அதாவது பானட்டுக்குக் கீழே என்ஜின் இருக்கிற இடம். இழையில் வந்த ‘பொறியறை’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கப்பலில் ஆள் நின்று வேலை செய்கிற இடத்துக்கு அந்தச் சொல் தேவை. எரிபொருள் எரிகிற ‘எரியறை’ என்ஜினுக்குள்ளே இருக்கிறது, ‘பொறியறை’ என்ஜினுக்கு வெளியே. ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் கழுவ வேண்டிய இடமே மாறிவிடும். நாம் கழுவச் சொல்வது அடியில் திறந்து கிடக்கிற ஒரு சட்டத்தை. அதில் என்ஜின், ரேடியேட்டர், ஒயர்கள், உருகிப் பெட்டி (ஃபியூஸ் பாக்ஸ்) எல்லாம் அடைசலாக உட்கார்ந்திருக்கின்றன. மார்புக்கூடு என்று சொல்லிப் பழகிய நமக்குப் ‘பொறிக்கூடு’ புரியும். எலிப்பொறி நினைவு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வரட்டும், வண்டியைப் பற்றிப் பேசும்போது யாரும் குழம்ப மாட்டார்கள். எலி என்றதும் ஒன்று: அது கடித்துத் தோல் உரிந்த ஒயர் இருக்கிறதா என்று தண்ணீர் விடும் முன்பே பார்க்க வேண்டும், வரைவில் அந்த வரியும் வேண்டும்.

பெயர்ச்சொல்லிலேயே நின்றுவிட்டோம், எனக்குப் பெரிய கவலை வினைச்சொற்களில். வரைவில் ‘சூடான எந்திரத்தின் மேல் தெளிக்கவும்’ என்று இருக்கிறது. தயவுசெய்து இதை உடனே மாற்றுங்கள். நாம் மொழிபெயர்க்கிற மூலத்தில் சொல்வது இளஞ்சூடு, அதாவது கை வைத்தால் தாங்கும் சூடு. ஓடி நின்ற வண்டியின் புகைக்குழாய்த் தொகுதி (எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு) வார்ப்பிரும்பாக இருந்தால், திடீரென்று தண்ணீர் படும்போது விரிசல் விடலாம், பிசுக்குநீக்கியும் பட்ட இடத்திலேயே காய்ந்து கறையாகும். ‘என்ஜினை ஆறவிட்டு, கை தாங்கும் இளஞ்சூட்டில்’ என்று எழுதிவிடலாம். அதே மாதிரி எல்லா இடத்திலும் ‘கழுவு’ என்று போட்டிருப்பதைப் பிரிக்க வேண்டும். பிசுக்குநீக்கியைத் ‘தெளி’, பிரஷ்ஷால் ‘தேய்’, காய்வதற்குள் மெல்லிய நீர்த்தாரையில் ‘அலசு’, ஒயர் இணைப்புகள் பக்கம் ஒருபோதும் ‘பீய்ச்சாதே’. வாட்டர் வாஷ் கடையின் அழுத்தக் குழாய் என்ன செய்யும் என்பது ‘பீய்ச்சு’ என்ற சொல்லிலேயே வந்துவிடுகிறது, தனி விளக்கம் வேண்டாம்.

பேட்டரியில் எதிர்முனை, நேர்முனை என்பதோடு மைனஸ், பிளஸ் என்றும் எழுதுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரணத்தையும் ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது: மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்றுகிற ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டால் அங்கேயே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்), தீப்பொறி. ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கமே போக வேண்டாம் என்பதும் தடித்த எழுத்தில் வரட்டும்.

ஓடும் வண்டியில் பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டருக்கு இழையில் வந்த மூன்று சொல்லும் நன்று, ஆனால் இந்தக் கையேட்டில் ஆல்டர்னேட்டர் என்றே விட்டுவிடுவோம். அதன் மேல் பிளாஸ்டிக் பை கட்டச் சொல்கிறோம், படிப்பவர் அதைச் சரியாக அடையாளம் கண்டால்தான் கட்ட முடியும். சொல்லுக்குத் தனி இழை தொடங்கலாம், நானும் வருகிறேன். அப்புறம், காற்று இழுக்கும் வாயிலும் ஆல்டர்னேட்டரிலும் கட்டிய பைகளை அவிழ்த்த பிறகே வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்ற வரி வரைவில் எங்கேயும் இல்லை. அச்சுக்குப் போகும் முன் சேர்த்துவிடுங்கள்.