ரேண்ட் விழுந்தா டீசல் மட்டும் சும்மா இருக்குமா?

டர்பன்வாசி:
2023. தென்னாப்பிரிக்காவுல லோட்ஷெடிங் (முறை வச்சு மின்வெட்டு) ஸ்டேஜ் 6ல ஓடிக்கிட்டிருந்த நேரம். எங்க குடோனுக்கு ஜெனரேட்டரா சோலாரான்னு டிசிஷன் ட்ரீ (ஒவ்வொரு வழியும் எங்க கொண்டு போகும்னு கிளை கிளையா வரையுற கணக்கு) போட்டேன். எந்த எண்ணை ஆட்டினா விடை எவ்வளவு ஆடுதுன்னு பட்டையா காட்டுற டொர்னேடோ சார்ட்ல, நம்ம காசு ரேண்ட்தான் நீளமான பட்டை. டாலர் 16லேர்ந்து 20 ரேண்டுக்குப் போனா பேனல் விலை ஏறி, சோலார் தோத்து ஜெனரேட்டர் ஜெயிக்குது. பெருமையா காட்டினேன்.

முதலாளி இங்கயே பிறந்த நாலாம் தலைமுறைத் தமிழர், வணக்கத்தைத் தாண்டித் தமிழ் வராது. சார்ட்டை ஒரு நிமிஷம் பார்த்துட்டு இங்கிலீஷ்ல கேட்டார்: "சரி தம்பி, டீசலை எந்தக் காசுல வாங்குறோம்?"

காதெல்லாம் சூடாயிடுச்சு. மாசா மாசம் முதல் புதன்கிழமை பங்க் விலை மாறுறதைப் பார்த்துப் புலம்புற ஆளு நான். டீசலை ஆணி அடிச்சு நிறுத்திட்டு ரேண்டை மட்டும் ஆட்டியிருக்கேன். அப்புறம் டீசலை டாலர் விலை பெருக்கல் ரேண்ட், கூட்டல் வரின்னு மாத்தினேன். பட்டை சுருங்கிடுச்சு. முடிவு சோலாரை விட்டு நகரவே இல்ல.

ஜோபர்க் கணக்கன்:
உங்களுக்கு ஃபார்முலா வாய்ச்சது, எல்லாருக்கும் வாய்க்காது. பிளாட்டினம் விலையும் ரேண்டும் எப்படி? உலோக விலை விழும்போது பல சமயம் ரேண்டும் விழும், அதனால ரேண்ட்ல வர்ற வருமானம் ஓரளவு தாங்கும். மாண்டி கார்லோல (எண்களை ஆயிரக்கணக்கான தடவை குலுக்கிப் பாக்குற முறை) ரெண்டையும் தனித்தனியா குலுக்கினேன், நஷ்ட வாய்ப்பு ஊதிப்போச்சு.

யாரும் கேக்கலைன்னாலும் சொல்றேன். தரவரிசைத் தொடர்பை (ஒண்ணு பெருசா வரும்போது இன்னொண்ணும் பெருசா வருதாங்கற அளவு) வச்சு, குலுக்கி எடுத்த எண்களை அடுக்குங்க, இமான், கோனோவர்னு ரெண்டு புள்ளியியல்காரங்க 1982லயே வழி சொல்லிட்டாங்க. தொடர்பு எண்ணை மனசுக்குத் தோணினபடி போடாதீங்க. மூணு விஷயத்துல முதலும் ரெண்டாவதும் 0.9, ரெண்டாவதும் மூணாவதும் 0.9, முதலும் மூணாவதும் மைனஸ் 0.5ன்னு போட்டா அப்படி ஒரு உலகமே இருக்க முடியாது, சொலெஸ்கி (தொடர்பு அட்டவணையைப் பிரிக்கிற கணக்கு) எரர் அடிக்கும். வரலாற்றுத் தரவையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க, நெருக்கடி வருஷத்துல தொடர்பு தலைகீழாகும்.

கேப்டவுன் லேப்காரி:
கணக்கன் அண்ணா, குடோனுக்கு சொலெஸ்கியா! டர்பன் அண்ணா செஞ்சதே போதும்.

என் கதை சின்னது. டிபி டெஸ்டுக்கு ட்ரீ. நோயைப் பிடிக்கிற திறன், நோயில்லாதவங்களைச் சரியா விடுற திறன், ரெண்டையும் ஒரே நேரத்துல உச்சத்துல வச்சு 'நல்ல நிலைமை'ன்னு எழுதிட்டேன். கட்-ஆஃபை (எந்த அளவைத் தாண்டினா நோய்னு சொல்றோம்ங்கற கோடு) நகர்த்தினா ஒண்ணு ஏற ஒண்ணு இறங்கும்னு தினமும் லேப்ல பாக்குறேன், ஷீட்ல மறந்துட்டேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுக் கேட்டாங்க, "இந்த மெஷின் எங்க விக்குதும்மா?"