கல்லூரி ஃபுட்பால்: கோச்சின் கண்டிப்பு எந்த இடத்தில் ஆபத்தாகிறது?

மருதன்
வணக்கம். கேள்வி அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றியது, ஹெல்மெட் போட்டு ஆடுவது. உறவுக்காரப் பையன் ஒருவன் ஜூன் மாதம் டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) அணியில் சேர்கிறான். லைன்மேன் (முன்வரிசையில் மோதி நிற்கும் ஆள்), எடை 300 பவுண்டுக்குப் பக்கம். வீட்டில் எல்லோரும் பயப்படுவது தலையில் அடிபடுவதை நினைத்துத்தான். ஆனால் 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆட்டக்காரர் ஜோர்டன் மெக்நேர் இறந்தது ஆட்டத்தில் அல்ல, ஓட்டப் பயிற்சியில். அதனால் மூன்று விஷயம் தெரிய வேண்டும். கோச் திட்டுவதும் விரட்டுவதும் எந்த இடத்தில் எல்லை தாண்டுகிறது? சேருவதற்கு முன் யாரிடம் என்ன கேட்க வேண்டும்? பக்கத்தில் ஓடுகிறவன் தள்ளாடினால் பையன் என்ன செய்வது? பொதுவான அறிவுரை வேண்டாம், திட்டவட்டமாகச் சொல்லுங்கள்.

தேன்மொழி
உங்கள் சந்தேகம் சரியானது. 2000 முதல் 2016 வரை என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) ஃபுட்பாலில் நடந்த 33 மரணங்களில் 27 மோதலால் வந்தவை அல்ல. ஹீட் ஸ்ட்ரோக், சிக்கிள் செல் ட்ரெய்ட் (ரத்தச் சிவப்பணு சார்ந்த ஒரு பரம்பரைக் கூறு), இதயக் கோளாறு, ஆஸ்துமா ஆகியவைதான் காரணம். அவற்றில் பெரும்பாலானவை சீசன் இல்லாத மாதங்களின் கண்டிஷனிங்கில் (உடல் திறன் ஏற்றும் பயிற்சி) நடந்தவை. எதிரணியே இல்லாத மைதானத்தில், சொந்த அணியின் கோச் போட்ட பயிற்சியில் நடந்தவை.

மெக்நேர் விஷயத்தை ஒழுங்காகப் பார்ப்போம். மே 29, 2018. 110 யார்டு ஸ்பிரின்ட் பத்து முறை. அன்றைய வெப்பம் 80 டிகிரி பாரன்ஹீட் அளவுதான், யாரும் கொளுத்தும் வெயில் என்று சொல்லமாட்டார்கள். பெரிய உடம்பு, விடுமுறை முடிந்து வந்த முதல் பயிற்சி, நேரம் வைத்து ஓடும் ஓட்டம்: இந்த மூன்றும் சேர்ந்தாலே உள்வெப்பம் ஏற அது போதும். அறிகுறி தெரிந்த பிறகு அவசர உதவி எண் 911ஐ அழைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆம்புலன்ஸ் கிளம்பும்போது ஒன்றரை மணி நேரம் தாண்டிவிட்டது. அதற்குள் உள்வெப்பத்தை அளக்கவும் இல்லை, ஐஸ் தண்ணீரில் இறக்கவும் இல்லை. மருத்துவமனையில் பார்த்தபோது 106 டிகிரி. ஜூன் 13 அன்று அவர் இறந்தார், வயது 19. சட்டப்படியும் தார்மீகமாகவும் பொறுப்பு எங்களுடையதே என்று பல்கலைக்கழகத் தலைவர் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

இதில் நெஞ்சைப் பிசைவது என்னவென்றால், ஹீட் ஸ்ட்ரோக் கண்ட ஆளை உடனே ஐஸ் தண்ணீரில் இறக்கினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். சரிந்து விழுந்த 30 நிமிடத்துக்குள் உள்வெப்பம் 102க்குக் கீழே வர வேண்டும். அதற்குச் செய்ய வேண்டியது:

ஆசனவாய் வழியாக வைக்கும் தெர்மாமீட்டர் மட்டுமே நம்பத் தகுந்தது. நெற்றி, காது, வாய், அக்குள் எல்லாம் ஓடிக் களைத்த உடம்பில் குறைவாகக் காட்டும். '101தான் இருக்கிறது, நிழலில் உட்கார வை' என்று ஏமாறுவது இங்கேதான். 104, 105க்கு மேல் இருந்து, பேச்சோ நடையோ குழம்பியிருந்தால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தெர்மாமீட்டர் கையில் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காமல் தொட்டியில் இறக்கிவிடலாம்.

தொட்டி என்பது 150 கேலன் அளவில், பண்ணையில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் வகைத் தொட்டிதான். பயிற்சி தொடங்கும் முன்பே பாதித் தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும், பக்கத்தில் ஐஸ் பெட்டிகள் தயாராக. தண்ணீர் 35 முதல் 59 டிகிரிக்குள். கழுத்து வரை இறக்கி, அக்குளுக்குக் கீழே ஒரு துணியைச் சுற்றி ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தலை மூழ்கும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாத நீரில் தோலை ஒட்டி ஒரு வெதுவெதுப்பான படலம் நின்றுவிடும். சுமார் 3 நிமிடத்துக்கு 1 டிகிரி இறங்கும். 108இல் இருந்து 102க்கு வர 18, 20 நிமிடம். 102இல் வெளியே எடுத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸ். முதலில் குளிர்விப்பது, அப்புறம் ஏற்றுவது. 911ஐ மட்டும் தொடக்கத்திலேயே அழைத்துவிட வேண்டும்.

பையன் கவனிக்க வேண்டிய அறிகுறி: பேச்சு குழறுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, தள்ளாட்டம், வாந்தி, தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போவது. 'வியர்க்கிறதே, ஹீட் ஸ்ட்ரோக் இல்லை' என்பது தவறு. ஓட்டத்தில் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் உடம்பு நனைந்தேதான் இருக்கும். நடுவில் கொஞ்ச நேரம் தெளிவாகப் பேசுவதும் உண்டு, அதை நம்பி விட்டுவிடக் கூடாது. இரண்டு பேர் தோள்கொடுத்து அடுத்த ஓட்டத்தை முடிக்க வைப்பது நட்பு மாதிரி தெரியும். அந்த நிமிடத்தில் அவனுக்குச் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் அதுதான்.

செந்தில்வேல்
தேன்மொழி சொன்னதோடு சிக்கிள் செல் ட்ரெய்ட்டையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அது வேறு மாதிரி வரும். ஹீட் ஸ்ட்ரோக் பயிற்சி நீண்ட பிறகு வருவது. இது தொடங்கிய சில நிமிடங்களில், மூன்றாவது நான்காவது ஸ்பிரின்ட்டிலேயே வந்துவிடலாம். வெப்பத்தால் வரும் தசைப்பிடிப்பில் ஆள் வலியில் கத்துவான், தசை கல் மாதிரி இறுகும். இதில் கால் சும்மா விட்டுப்போகும்; தசை தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆள் சத்தமில்லாமல் சரிவான், பேசவும் பேசுவான். கோச் கண்ணுக்குச் சோம்பேறித்தனம் போலத் தெரிவது இதனால்தான். 'எழுந்திரு, நடிக்காதே' என்ற சொல்லுக்குப் பிறகு மீண்டும் ஓடினால் உயிர் போகலாம். உடனே நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, ஏ.இ.டி.யை (நின்ற இதயத்தை மின்னதிர்ச்சியால் இயக்கும் கருவி) பக்கத்தில் வைத்து, 911ஐ அழைத்து, மருத்துவமனைக்கு 'சிக்கிள் செல் ட்ரெய்ட், தசைச் சிதைவு இருக்கலாம்' என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ரைஸ் பல்கலைக்கழகத்தின் டேல் லாய்டு 2006இல் 100 யார்டு ஸ்பிரின்ட் பதினாறு ஓடி இறந்தார். அந்த வழக்கின் விளைவாகத்தான் 2010இல் டிவிஷன் 1 அணிகளுக்குப் பரிசோதனை விதி வந்தது. மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தின் எரெக் பிளான்ச்சர் 2008இல், கலிபோர்னியா பெர்க்லியின் டெட் அகு 2014இல், இருவருமே கண்டிஷனிங்கில். பிளான்ச்சர் குடும்பத்துக்கு 2011இல் ஜூரி 1 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2015இல் புளோரிடா உச்ச நீதிமன்றம் அரசு அமைப்புகள் தரும் இழப்பீட்டுக்கு வரம்பு வைக்கும் சட்டத்தைக் காட்டி, 2 லட்சம் டாலர்தான் என்று உறுதி செய்தது. பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இது கறுப்பினத்தவருக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள், இந்தியப் பரம்பரையிலும் உண்டு. பையன் அமெரிக்காவில் பிறந்தவன் என்றால் பிறந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் பதிவாகியிருக்கும். பதிவு கிடைக்காவிட்டால் புதிதாக எடுத்துவிடுங்கள். ட்ரெய்ட் இருந்தால் ஆட முடியாது என்பதில்லை. நேரம் வைத்த தொடர் ஸ்பிரின்ட் கூடாது, இடைவேளை நீள வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து ராப்டோ, தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைப்பது. அயோவாவில் ஜனவரி 2011இல் விடுமுறை முடிந்து வந்தவர்களுக்குத் தங்களால் ஒரே முறை தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் பாதியை வைத்து 100 ஸ்குவாட் போடச் சொன்னார்கள்; 13 பேர் மருத்துவமனையில். ஓரிகனில் ஜனவரி 2017இல் மூன்று பேர். இரண்டுமே ஜனவரி என்பதைக் கவனியுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, கை முழுதாக நீட்ட முடியாமல் வீங்கினாலோ அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போய் சி.கே. டெஸ்ட் (தசைச் சிதைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கேட்க வேண்டும். வலிக்கு ஐபுபுரூபன் போடக் கூடாது, சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.

கதிரவன்
ஒரு மாற்றுக் கருத்து. எல்லாக் கடுமையையும் கொடுமை என்று எழுதினால் நல்ல கோச்சும் மாட்டிக்கொள்வார். 300 பவுண்டு ஆளை ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி வரை நிற்க வைக்க, உடம்பு வலிக்கும் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும். சத்தம் போடாத கோச் கிடையாது.

செந்தில்வேல்
உடம்பு வலிக்கும் பயிற்சியை யாரும் எதிர்க்கவில்லை, கதிரவன். சத்தத்தை வைத்துப் பிரிக்கவும் வேண்டாம். அமைதியாகப் பேசிக்கொண்டே ஆளைக் கொல்லும் பயிற்சி கொடுப்பவரும் இருக்கலாம். பிரிக்கும் கோடு இங்கே:

கடினமான பயிற்சி முந்தைய நாளே எழுதி வைக்கப்பட்டிருக்கும். எத்தனை ஓட்டம், எவ்வளவு ஓய்வு, யாருக்குக் குறைவு என்று அத்லெடிக் ட்ரெய்னருக்கும் (ஆட்டக்காரர்களின் காயத்தையும் உடல்நலத்தையும் கவனிப்பவர்) தெரியும். தண்டனை அப்படி வராது. ஒருவன் வகுப்புக்குத் தாமதமாக வந்தான் என்று முழு அணிக்கும் இன்னும் இருபது என்று கோபத்தில் கூட்டினால், அந்த எண்ணிக்கைக்கு எந்தக் கணக்கும் கிடையாது. உடற்பயிற்சியைத் தண்டனையாகக் கொடுக்கவே கூடாது என்று 2019இல் என்.சி.ஏ.ஏ.வும் மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது.

அதே ஆண்டு ஸ்ட்ரெங்த் கோச்சுகளின் (உடல் பலத்துக்கான பயிற்சி கொடுப்பவர்கள்) சங்கங்களே வெளியிட்ட கணக்கு: இடைவெளிக்குப் பிறகோ புதிதாகவோ வருபவருக்கு முதல் வாரம் வழக்கமான அளவில் 50 சதவீதம் குறைக்க வேண்டும், இரண்டாம் வாரம் 30 சதவீதம். முதல் வாரம் ஓட்டத்துக்கும் ஓய்வுக்கும் விகிதம் 1:4. அதாவது 15 விநாடி ஓடினால் 60 விநாடி ஓய்வு. 110 யார்டு பத்து என்பது உங்கள் வழக்கமானால் முதல் வாரம் ஐந்துதான். இதில் மென்மை எதுவும் இல்லை, தசையும் ரத்தமும் பழகுவதற்கு ஆகும் காலம்.

தண்ணீர் கொடுக்காமல் விரட்டினால் ஆண்மை வரும் என்ற நம்பிக்கைக்குச் சான்றாக, 1954இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணியை அதன் கோச் 'பேர்' பிரையன்ட் ஜங்ஷன் என்ற ஊருக்குக் கூட்டிப்போன முகாமைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு அந்த அணி ஒரு ஆட்டம் ஜெயித்து ஒன்பது தோற்றது.

கதிரவன்
எழுதி வைத்ததா, கோபத்தில் கூட்டியதா என்ற அளவுகோலை ஏற்கிறேன். அது நியாயமான கோடு.

பனிமலர்
மருதனின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதிகாரம் யார் கையில் என்பதுதான் கேட்க வேண்டியது, வசதிகள் அல்ல. ஹைட்ரோதெரபி அறையைச் சுற்றிக் காட்டுவார்கள், அதில் மயங்காதீர்கள்.

டீம் டாக்டரும் அத்லெடிக் ட்ரெய்னரும் எடுக்கும் மருத்துவ முடிவை எந்தக் கோச்சும் மாற்ற முடியாது என்பது பெரிய கான்பரன்ஸ்களில் (கல்லூரி அணிகளின் லீக்குகள்) 2016 முதலே விதி. காகிதத்தில் எல்லாரும் ஆம் என்பார்கள். ஆகவே இப்படிக் கேளுங்கள்: ட்ரெய்னரின் சம்பளத்தையும் வேலை மதிப்பீட்டையும் யார் முடிவு செய்கிறார், ஹெட் கோச்சா மருத்துவப் பிரிவா? ஸ்ட்ரெங்த் கோச் யாருக்குப் பதில் சொல்கிறார்? பெரும்பாலான இடங்களில் ஹெட் கோச் தன்னோடு அழைத்து வந்த ஆளாகவே அவர் இருப்பார். ஹெட் கோச் போனால் இவரும் போவார். வருடத்தில் அதிக நாட்கள் பையன்களோடு இருப்பதும் இவரே. கடைசியாக ட்ரெய்னர் ஒரு பயிற்சியை நிறுத்தியது எப்போது, கோச் என்ன செய்தார் என்று ட்ரெய்னரிடமே, கோச் இல்லாதபோது கேளுங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் பாருங்கள்.

பிறகு காகிதங்கள். அவசரத் திட்டத்தின் நகல் கேளுங்கள். ஸ்டேடியத்துக்கு மட்டும் எழுதியிருந்தால் போதாது. வெயிட் ரூம், மேட்டு ஓட்டம், படிக்கட்டு ஒவ்வொன்றுக்கும் தனியாக வேண்டும், ஆம்புலன்ஸ் எந்த வாசலில் வரும், பூட்டின் சாவி யாரிடம் என்பது வரை. காலை 6 மணிப் பயிற்சிக்கும் தொட்டி நிரம்பியிருக்கிறதா? வெட் பல்ப் குளோப் மீட்டர் (வெப்பம், ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்து அளக்கும் கருவி) அதே மைதானத்தில் வைக்கிறார்களா, போனில் வானிலை பார்க்கிறார்களா? செயற்கைப் புல்லின் மேல் வெப்பம் வேறு. தென் மாநிலங்களில் பரவலாக உள்ள அட்டவணைப்படி அந்த மீட்டர் 92 தாண்டினால் வெளியில் பயிற்சியே கூடாது, 90 முதல் 92 வரை ஒரு மணி நேரம், கவசம் இல்லாமல். வட மாநிலங்களுக்கு வரம்பு இன்னும் குறைவு.

மருதன்
மிகுந்த நன்றி. ஒன்று மட்டும். அவன் புகார் சொன்னால் ஸ்காலர்ஷிப் போகுமா?

பனிமலர்
பெரிய கான்பரன்ஸ்களில் 2015 முதல், ஆட்டத்திறமை குறைந்தது, காயம்பட்டது என்ற காரணங்களுக்காக ஸ்காலர்ஷிப்பை ரத்து செய்யக் கூடாது. ஸ்காலர்ஷிப் இல்லாத வாக்-ஆன் ஆளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நடைமுறையில் வரும் பழிவாங்கல் வேறு: ஆட வாய்ப்புத் தராமல் உட்கார வைப்பது, 'நீயே டிரான்ஸ்பர் போர்ட்டலுக்குப் போ' (வேறு கல்லூரிக்கு மாறப் பெயர் கொடுக்கும் பட்டியல்) என்று நெருக்குவது. அதனால் வாய்ச்சொல்லாகப் போகாமல் எழுத்தில் போக வேண்டும்.

நடந்த அன்றே தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள், எத்தனை ஓட்டம், யார் யார் பார்த்தார்கள் என்று எழுதி, கல்லூரிக் கணக்கில் இல்லாத தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைக்கட்டும். ரகசியமாக ஒலிப்பதிவு செய்யும் முன் மாநிலச் சட்டம் பார்க்க வேண்டும். கலிபோர்னியா, புளோரிடா, பென்சில்வேனியா, மேரிலாந்து, வாஷிங்டன் மாநிலங்களில் எல்லாத் தரப்பின் சம்மதமும் தேவை. மருத்துவம் சார்ந்த புகார் என்றால் ஒவ்வொரு கல்லூரியும் நியமித்திருக்க வேண்டிய அத்லெடிக்ஸ் ஹெல்த் கேர் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு (ஆட்டக்காரர்களின் மருத்துவக் கவனிப்புக்குப் பொறுப்பானவர்) அனுப்ப வேண்டும். மற்றவை ஃபேகல்ட்டி அத்லெடிக்ஸ் ரெப்ரசென்டேட்டிவுக்கு (விளையாட்டு விஷயத்தில் ஆசிரியர்களின் பிரதிநிதி). அவர் பேராசிரியர், கோச்சின் கீழ் வேலை செய்பவர் அல்ல. இந்த இரண்டு பெயரையும் எண்ணையும் சேரும் முதல் வாரமே அவன் போனில் ஏற்றிக்கொள்ளட்டும். பக்கத்தில் ஒருவன் விழுந்த நிமிடத்தில் இவர்கள் யாரையும் தேட வேண்டாம். ட்ரெய்னரைக் கத்திக் கூப்பிட வேண்டும். அவர் இல்லையென்றால் கோச்சின் அனுமதி கேட்காமல் அவனே 911ஐ அழைக்கலாம்.