9.5 வானியல் அலகில் வால்வெள்ளி: அடுக்கெண் 13, மையத்தொலைத்தகவு 1.002. இவற்றை நம்பலாமா?

நீள்வட்டம் (கேட்பவரின் புனைபெயர்; பதில் சொல்வோர் ஒளியளவி, பாதைக்கணக்கு, மையப்புள்ளி)

கருவி விவரம்: 250 மி.மீ. தொலைநோக்கி, குவியத் தொலைவு 1000 மி.மீ., 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட சீமாஸ் கேமரா, 2×2 பின்னிங் (நான்கு பிக்சலை ஒன்றாக்குதல்). பிக்சலுக்கு 1.55 விகலை (விகலை = பாகையின் 3600-இல் ஒரு பங்கு). வடிகட்டி இல்லை. இரவுக்கு 60 விநாடிப் படங்கள் 40, வால்வெள்ளியின் நகர்வை ஒட்டி ஸ்டாக் செய்தவை (ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தவை). நகர்வு வேகம் நிமிடத்துக்கு 0.2 விகலை.

46 நாள்களில் 11 இரவுகள். இந்த இடைவெளியில் சூரியத் தொலைவு 9.8 வானியல் அலகிலிருந்து (ஓர் அலகு = புவி–சூரியன் சராசரித் தொலைவு) 9.5 ஆகவும், புவித் தொலைவு 9.3-லிருந்து 8.6 ஆகவும் குறைந்தது.

மூன்று சிக்கல்கள். ஒன்று, ஒளிர்வு 17.2-க்கும் 17.8 மேக்னிட்யூடுக்கும் (எண் கூடினால் மங்கல்) இடையே தாவுகிறது. அதைப் பொருத்தினால், சூரியத் தொலைவுக்கேற்ப ஒளிர்வு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காட்டும் அடுக்கெண் 13 வருகிறது. இரண்டு, என் அளவீடுகளை மட்டும் ஃபைண்ட் ஆர்ப் என்ற பாதை கணிக்கும் மென்பொருளில் கொடுத்தால் மையத்தொலைத்தகவு 1.002 (1-க்குக் கீழே நீள்வட்டம், 1 பரவளையம், மேலே அதிபரவளையம்). அதிபரவளையம் என்றால் வேறு விண்மீனிலிருந்து வந்ததா? மூன்று, சிறுகோள், வால்வெள்ளி அளவீடுகளைத் திரட்டும் மைனர் பிளானட் சென்டரில் உள்ள பிறர் அளவீடுகளோடு சேர்த்துப் பொருத்தினால், என்னுடையவை மட்டும் வல ஏற்றத்தில் (வானில் கிழக்கு–மேற்கு ஆயம்) எல்லா இரவும் +0.6 விகலை பக்கம் சாய்கின்றன.

அப்பர்ச்சர் (ஒளியைக் கூட்டும் வட்டம்) ஆரம் தானியங்கி: விண்மீனின் அரையுச்ச அகலத்தைப் (உச்ச ஒளியின் பாதி அளவில் உருவின் அகலம்) போல 3 மடங்கு. அந்த அகலம் இரவைப் பொறுத்து 2.5 முதல் 4.5 விகலை.

ஒளியளவி

உங்கள் கடைசி வரியிலேயே முதல் சிக்கலுக்கு விடை இருக்கிறது. விண்மீன் ஒரு புள்ளி. அப்பர்ச்சரைப் பெரிதாக்கினாலும் ஓர் எல்லைக்கு மேல் ஒளி கூடாது. வால்வெள்ளியின் கருவைச் சூழ்ந்த தூசு மண்டலமான கோமா அப்படியல்ல. சீராகத் தூசு வெளியேறும் கோமாவில் பரப்பொளிர்வு மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். அதனால் அப்பர்ச்சருக்குள் சேரும் மொத்த ஒளி ஆரத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். ஆரம் இரட்டித்தால் 0.75 மேக்னிட்யூட் கூடுதல் ஒளிர்வு. உங்கள் ஆரம் இரவுக்கு இரவு 1.8 மடங்கு வரை மாறியிருக்கிறது. அது மட்டுமே 0.64 மேக்னிட்யூட். நீங்கள் பார்க்கும் தாவல் ஏறக்குறைய முழுவதும் இதுதான்.

ஆரத்தைக் கிலோமீட்டரில் நிலைநிறுத்துங்கள். 1 வானியல் அலகு தொலைவில் 1 விகலை என்பது 725 கி.மீ. 60,000 கி.மீ. எடுத்தால், புவித் தொலைவு 9.3 இருந்தபோது 8.9 விகலை (5.7 பிக்சல்), 8.6 இருக்கும்போது 9.6 விகலை (6.2 பிக்சல்). ஏன் 60,000? மிக மோசமான இரவின் அரையுச்ச அகலத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்காவது ஆரம் இருக்க வேண்டும், இல்லையேல் உருவம் பரந்து தெரியும் இரவுகளில் ஒளி வெளியே கசியும். ஒப்பீட்டு விண்மீன்களுக்கும் அதே ஆரம். வான் பின்னணி வளையத்தைக் கோமா முடிந்த பிறகு வையுங்கள்; ஒட்டி வைத்தால் கோமாவையே பின்னணியாகக் கழித்துவிடுவீர்கள்.

வடிகட்டி இல்லாததால் ஒப்பீட்டு விண்மீன்கள் சூரிய நிறத்தை ஒத்திருக்க வேண்டும். கையா விண்கலத்தின் விண்மீன் பட்டியலில் நீல–சிவப்பு மேக்னிட்யூட் வேறுபாடு 0.7 முதல் 0.95 வரை உள்ளவற்றை மட்டும் எடுங்கள் (சூரியனுக்குச் சுமார் 0.82). சிவப்புக் குள்ள விண்மீன்கள் சேர்ந்தால் ஒளிர்வு அளவுகோலின் சுழியப் புள்ளியே நகரும்.

அடுத்து அடுக்கெண். சூத்திரம் தெரிந்ததுதான்: தோற்ற மேக்னிட்யூட் = தனி மேக்னிட்யூட் (இரு தொலைவும் 1 அலகாக இருந்தால் தெரியும் ஒளிர்வு) + 5 லாக்(புவித் தொலைவு) + 2.5 × அடுக்கெண் × லாக்(சூரியத் தொலைவு). 9.8-லிருந்து 9.5-க்கு வரும்போது கடைசிப் பகுதி மாறுவது அடுக்கெண் × 0.034 மட்டுமே. அதாவது 0.3 மேக்னிட்யூட் பிழை ஒன்று அடுக்கெண்ணை 9 வரை இழுத்துவிடும். உங்கள் 13-க்குப் பொருளே இல்லை. அடுக்கெண்ணை 4 என்று நிறுத்திவைத்துத் தனி மேக்னிட்யூடை மட்டும் இரவுவாரியாகக் குறியுங்கள். சூரியத் தொலைவு பாதியாகக் குறைந்த பிறகு அடுக்கெண்ணைப் பேசலாம். தொலைவில் கிடைத்த சரிவை அப்படியே நீட்டிப் பெரும் காட்சி என்று சொல்வது எப்படி முடியும் என்பதற்கு, பெரிதாகப் பேசப்பட்டு ஏமாற்றிய 1973-இன் கோஹூடெக் வால்வெள்ளி போதும்.

பாதைக்கணக்கு

1.002-ஐ வைத்து வேறு விண்மீன் என்று போகாதீர்கள். முதலில், 9.5 வானியல் அலகில் 46 நாள் என்பது பாதையின் மிகச் சிறு துண்டு. அந்தத் துண்டுக்கு நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் மூன்றும் உங்கள் பிழை வரம்புக்குள் பொருந்தும். ஃபைண்ட் ஆர்ப் தகவின் அருகில் காட்டும் பிழையளவைப் பாருங்கள், அது 0.002-ஐ விடப் பெரிதாக இருந்தால் தகவை 1 என்று நிறுத்திப் பரவளையமாகவே பொருத்துங்கள்.

பிழை சிறிதாக இருந்தாலும் கவனம் தேவை. சூரியனை மையமாக வைத்துக் கணிக்கும் கணநேரப் பாதையில், வியாழன் சூரியனை அசைப்பதாலேயே தகவு 1-ஐச் சற்றுத் தாண்டும். சூரியக் குடும்பத்தின் நிறைமையத்தை ஆதாரமாக வைத்து, கோள்களின் பகுதிக்குள் நுழையும் முன்பிருந்த காலத்துக்குப் பாதையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலானவை மூடிய நீள்வட்டமாகிவிடும். உண்மையான வெளியாள்களின் எண்கள் வேறு: ஓமுவாமுவா 1.2, போரிசோவ் 3.36, 2025-இல் கண்டறியப்பட்ட 3ஐ அட்லஸ் 6-க்கும் மேல்.

ஈர்ப்பல்லாத விசைக்கான (ஆவியாகும் வாயு வால்வெள்ளியையே தள்ளும் விசை) அளபுருக்களை இப்போது தொடவே வேண்டாம். அந்த விசைக்கு வழக்கமாகப் பயன்படும் மார்ஸ்டன் சார்பு நீர்ப்பனி ஆவியாவதை ஒட்டியது. அதன் அளவுத் தொலைவு 2.8 வானியல் அலகு. 9.5-இல் தூசைத் தள்ளுவது கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள். அளபுருக்களைச் சேர்த்தால் எச்சப்பிழை (அளவீட்டுக்கும் கணிப்புக்கும் உள்ள வேறுபாடு) அழகாகக் குறையும், பாதை மோசமாகும்.

துண்டை நீட்ட வழி பழைய படங்கள். கனடிய வானியல் தரவு மையத்தின் சூரியக் குடும்பப் படத் தேடல் கருவியில் உங்கள் பாதையைக் கொடுத்துப் பாருங்கள். 2017-இல் கண்டறியப்பட்ட கே2 பான்ஸ்டார்ஸ் வால்வெள்ளி 2013-இன் படங்களில் கிடைத்தது. பெர்னார்டினெல்லி–பெர்ன்ஸ்டீன் வால்வெள்ளி 2021-இல் அறிவிக்கப்பட்டபோதே 2014-இலிருந்து எடுத்த படங்கள் கையில் இருந்தன. 2014-இல் அது 29 வானியல் அலகில் இருந்தது. பழைய ஒரு நல்ல இரவு, புதிய ஐம்பது இரவுகளை விடப் பாதையை இறுக்கும்.

மையப்புள்ளி

0.6 விகலைச் சாய்வு பற்றி. இந்த வேகத்தில் அது 3 நிமிடக் கடிகாரப் பிழைக்குச் சமம். எனவே ஒன்று கடிகாரம், அல்லது மையம் பிடிக்கும் முறை. பிரித்தறிய எளிய சோதனை: அதே இரவில் நிமிடத்துக்கு 0.6 விகலை நகரும் முதன்மைப் பட்டைச் சிறுகோள் ஒன்றை அளவிடுங்கள். கடிகாரம்தான் காரணம் என்றால் அது தன் பாதை வழியே 1.8 விகலை விலகும். விலகாவிட்டால் கோமாவின் ஒருபக்கச் சாய்வு உங்கள் மையத்தை இழுக்கிறது. ஒளிர்வுக்கு வைத்த பெரிய அப்பர்ச்சரிலேயே இடத்தையும் அளந்தால் இதுதான் நடக்கும். இடத்துக்கு 2 அல்லது 3 பிக்சல் ஆரம் போதும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. 40 நிமிடத்தில் வால்வெள்ளி நகர்வது 8 விகலை மட்டுமே. சிக்மா கிளிப்பிங் (ஸ்டாக் செய்யும்போது விலகிய மதிப்புகளை விலக்கும் முறை) பின்னணி விண்மீனை நீக்கிவிடும் என்று நம்பாதீர்கள்; அந்த விண்மீன் அப்பர்ச்சரை விட்டு வெளியேறவே இல்லை. 17.5 மேக்னிட்யூட் வால்வெள்ளியின் அடியில் 19.5 மேக்னிட்யூட் விண்மீன் ஒன்று கிடந்தால் ஒளிர்வு 0.16 மேக்னிட்யூட் கூடும். படம் எடுக்கும் முன் பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த வான்படத்தில் அந்த இடத்தைப் பாருங்கள். மோசம் என்றால் மறுநாள் எடுங்கள், அதற்குள் ஐந்து கலை (300 விகலை) அளவுக்கு நகர்ந்திருக்கும்.

நீள்வட்டம்

அப்பர்ச்சரை மாற்றி எல்லா இரவுகளையும் மறுபடி அளக்கிறேன். ஒன்று கேட்க வேண்டும்: இடத்துக்கு இரவுக்கு மூன்று அளவீடுகள் வேண்டும் என்றால் 40 படங்களை எப்படிப் பிரிப்பது? உண்மையான வெடிப்பொளிர்வு (திடீர்த் தூசு வெளியேற்றம்) வந்தால் எப்படி அறிவது?

ஒளியளவி

13, 13, 14 எனப் பிரியுங்கள். ஒரு படமும் இரு குழுவில் வரக்கூடாது. வந்தால் மூன்று அளவீடும் தனித்தனியானவை அல்ல. ஒவ்வொரு குழுவின் நேரமும், பயன்படுத்திய படங்களின் நடுநேரங்களின் சராசரி. மேகத்தால் சில படங்களை நீக்கியிருந்தால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவை எடுப்பது தவறு. இடப்பிழையை அரையுச்ச அகலம் ÷ (2.35 × குறிகை-இரைச்சல் விகிதம்) என்று மதிப்பிடலாம்: 3.5 விகலை, விகிதம் 12 என்றால் 0.12 விகலை. விகிதம் 5-க்குக் கீழே போனால் இரண்டு குழுவாகக் குறையுங்கள்.

வெடிப்பொளிர்வுக்கு 60,000, 1,20,000 கி.மீ. என இரு ஆரங்களில் அளந்து வேறுபாட்டைக் குறித்துவையுங்கள். சீரான கோமாவில் அது 0.75-ஐ ஒட்டியிருக்கும். புதிய தூசு மையத்திலிருந்து கிளம்பினால் உள் அப்பர்ச்சர் முதலில் ஒளிரும், வேறுபாடு சுருங்கும். தூசு வெளியே பரவும்போது வேறுபாடு மீண்டும் விரியும். ஷ்வாஸ்மான்–வாக்மான் 1 வால்வெள்ளி ஏறத்தாழ 6 வானியல் அலகில், கிட்டத்தட்ட வட்டப் பாதையில், ஆண்டுக்குப் பலமுறை இதைச் செய்கிறது. பழக அதைவிட நல்லது இல்லை. நிலைக்கோண (வால்வெள்ளியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கும் புவிக்கும் இடைப்பட்ட கோணம்) விளைவை முதலில் கழியுங்கள்: 9.5 வானியல் அலகில் கோணம் 6 பாகை வரை போகும், பாகைக்கு 0.03 என்று கொண்டால் 0.18 மேக்னிட்யூட். வேறுபாடு சுருங்கிய இரவில் அப்பர்ச்சரின் நடுவில் பின்னணி விண்மீன் இருந்ததா என்பதையும் வான்படத்தில் பார்த்துவிட்டே பதிவிடுங்கள்.